பாதிப் பாதி

ஜெயிலின் கம்பி வலைக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக அம்மா இரண்டு தாள்களை உள்ளே தள்ளினாள்.

"கையெழுத்துப் போடு கண்ணு. அப்பீல்ல குடுக்கணுமாம்."

பெரியவன் படித்தான். கொலையைத் தான் ஒருவனே செய்ததாகவும், தம்பிக்கு எதுவுமே தெரியாது என்றும் எழுதியிருந்தது.

"ரெண்டு பேர் சேர்ந்து திட்டம் போட்டதாலதான் தூக்காம். கூட்டுச்சதின்னா குத்தம் பெருசாயிடுதுன்னு வக்கீல் சொன்னார். ஒருத்தன் தனியா சதி பண்ண முடியாதாமே! சின்னவன் வெளியே வந்துடுவான்."

"நான்?"

"உசுரு தப்பினாலும் தப்புமாம்." அம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணுடா. ஆனா அவன் பிள்ளகுட்டிக்காரன். நீ ஒண்டிக்கட்டை."

அவன் முதல் தாளில் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடாமலே கேட்டான்.

"தம்பி அந்தாளை வெட்டினப்போ நான் எங்கம்மா இருந்தேன்?"

"என் பக்கத்துலதான். எனக்குக் காய்ச்சல்னு விடிய விடிய நெத்தியில ஈரத்துணி மாத்திக்கிட்டே இருந்தியே."

"இதை ஏன் கோர்ட்டுல சொல்லலை?"

"நீயும் அவனும் சேர்ந்து செஞ்சதாவே இருந்தா, தண்டனையும் ஆளுக்குப் பாதியாப் பிரிஞ்சிடும்னு நெனச்சேன்டா."

அம்மா இடைவெளிக்குள் விரலை விட்டு, இரண்டாவது தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இதுலயும் போட்டுடு கண்ணு. மணி அடிக்கப் போறாங்க."