எதுவுமே கேட்காத பூட்டு

குப்பை வண்டியின் பாட்டு தெருவில் கேட்டதும் யூலிங் கீழே ஓடினாள். தன்னை அடித்ததற்காக அவள் வீட்டைவிட்டு வெளியேற்றியிருந்த கணவன் குவோஷெங்கின் செருப்பு, சட்டை எல்லாவற்றையும் வண்டியில் வீசிவிட்டு மாடியேறினாள். கேமராவில் முகம் காட்டியதும் கதவுப் பூட்டு திறந்து, "வருக, யூலிங்" என்றது.

"அவனைத் தலைமுழுகியாச்சுக்கா," என்றாள் போனில். அக்காவுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"பூட்டை இயக்கற புரோகிராம் அவன் போட்டதாச்சேடி?"

"அதையும் கம்ப்யூட்டர்லேருந்து நீக்கிட்டு, இன்னிக்குப் புதுசா போட்டுட்டேன்."

"உன் முகத்தைப் பதிஞ்சியா?"

"பேர், முகம், ரகசிய எண் எதுவுமே கேக்கலக்கா. தானாவே என்னைத் தெரிஞ்சுக்கிச்சு. சமர்த்து!"

அக்காவின் குரல் இறங்கியது.

"அடிப்பாவி! நீக்கினா புரோகிராம் மட்டும்தான் போகும். யார் யாருக்குத் திறக்கணும்னு அவன் எழுதிவெச்ச ஃபைல் அங்கேயே கிடக்கும். புதுசா போட்டதும் அதைத்தான் படிக்குது. அதைத் தனியா அழிக்கணும். ஓடிப்போய் உள்தாழ்ப்பாளைப் போடு!"

"தாழ்ப்பாளா? அதை அவன் என்னை அடிச்ச அன்னிக்கே உடைச்சுட்டானே..."

படியேறி வந்த காலடிச் சத்தம் வாசலில் நின்றது. பூட்டு அதே இனிய குரலில் பேசியது.

"வருக, குவோஷெங்."