பத்து வரைக்கும் எண்ணுங்க

“கார்புரேட்டர் வண்டியா இருந்தா இந்நேரம் கழட்டி, ஊதி, மாட்டியிருப்பேன் நர்சம்மா! இதுல இன்னாத்தக் கழட்டறது?”

சேற்றில் சாய்ந்து கிடந்த டர்ட் பைக்கைப் பார்த்துக் கத்தினான் வேடியப்பன். ஓடையைத் தாண்டும்போது பாசிக் கல்லில் முன் சக்கரம் வழுக்கிவிட்டது. இருவருக்கும் அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டார்ட்டரை எத்தனை முறை அழுத்தியும் வண்டி மூச்சே விடவில்லை.

“கல்லுக்கொல்லைக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் கீது. மொத்தமும் ஏத்தம்” என்றாள் நர்ஸ் கோகிலவாணி, மருந்துப் பையில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே. “நடந்து போனா தாங்காதுண்ணா. தலைப்பிரசவம். நாளு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கச் சொல்லோ வலி வந்திருக்கு. கூட அதோட அம்மா மட்டுந்தான்.”

மழையில் மண்பாதை அரித்துப் போனதால் ஆம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுவிட்டது. காவலூரில் பைக்கிலிருந்து உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வேடியப்பனைத்தான் நர்ஸ் கைகாட்டி நிறுத்தினாள். ஒடுகத்தூர்க்காரனான அவன் காவலூரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. இருந்தாலும் பிரசவம் என்றதும் மறுபேச்சு பேசாமல் ஏற்றிக்கொண்டான்.

பதினெட்டு வருஷம் கார்புரேட்டர் வண்டி ஓட்டியவன் அவன். போன வருஷம் ஒடுகத்தூர் சர்வீஸ் கடை மெக்கானிக் அன்பரசிதான் மனத்தை மாற்றினாள். “மேல ஏற ஏற காத்து மெலிசாயிடும்ணா. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழ ஊத்துன மாதிரியே மேலயும் பெட்ரோல ஊத்தி பிளக்குல கரி புடிக்க வெச்சிடும். எஃப்.ஐ.ன்னா ஃபியூயல் இன்ஜெக்ஷன்; அந்த வண்டி காத்த அளந்து, அதுக்கேத்த மாதிரி பெட்ரோல ஊத்தும்.”

வாங்கிவிட்டானே தவிர, பயம் போகவில்லை. சின்னச் சத்தம் கேட்டாலும் அவளுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பான். கடைப்பக்கம் மட்டும் வீம்பாகப் போகவே இல்லை.

போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. அன்பரசியைக் கூப்பிட்டான். வெகுநேரம் அடித்த பிறகே எடுத்தாள்.

“நீ என் தலையில கட்டுன வண்டி நடுக்காட்டுல செத்துப்போச்சு பாப்பா!”

“எங்க நிக்கிறீங்க?” குரல் தேய்ந்து வந்தது.

“கல்லுக்கொல்லைக்குப் போற வழியில, ஓடையாண்ட. நர்சம்மாவ ஒரு பிரசவத்துக்கு இட்டுனு போறேன்.”

மறுமுனையில் பேச்சே இல்லை.

“ஹலோ! லைன்ல கீறியா?”

“இருக்கேண்ணா.” இப்போது குரல் தெளிவாக வந்தது. “வண்டி கீழ விழுந்துச்சா?”

“ஆமா.”

“அப்ப சாவல. விழுந்தா தானா நின்னுபோற மாதிரி உள்ள ஒரு சென்சார் கீது. நேரா நிறுத்தி, சாவிய ஆஃப் பண்ணிட்டு, பத்து வரைக்கும் எண்ணுங்க. அப்புறம் ஆன் பண்ணா டேங்க்லேர்ந்து பம்பு சத்தம் வரும்.”

இருவருமாக வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அவன் சாவியைத் திருப்பிவிட்டு, போனைத் தோளில் இடுக்கியபடி மளமளவென்று எண்ணினான்.

“மெதுவாண்ணா. என்கூட எண்ணுங்க. ஒண்ணு… ரெண்டு…”

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. சிக்னலைத் திட்டிக்கொண்டே காத்திருந்தான். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. சாவியைத் திருப்பினான். சத்தம் வரவில்லை.

“வரல! நாந்தான் தலபாடா அடிச்சிக்கினேனே, இந்த எஃப்.ஐ. வேணாம்னு…”

“சண்டைய அப்புறம் வெச்சிக்கலாம்ணா. வலது கைப்புடியாண்ட செவப்பு ஸ்விட்ச் எப்டி கீது, பாருங்க.”

பார்த்தான். விழுந்த வேகத்தில் அது ஆஃப் பக்கம் சாய்ந்திருந்தது. தட்டிவிட்டான். டேங்கிலிருந்து வண்டு முரல்வதுபோல் மெல்லிய சத்தம் எழுந்தது.

“வந்துடுச்சி!”

“ஆக்சிலேட்டரத் தொடாதீங்க. ஸ்டார்ட்டர மட்டும் அழுத்துங்க.”

ஒரே அழுத்து. வண்டி உறுமியது. கோகிலவாணி தாவி ஏறிக்கொண்டாள்.

“சீக்கிரம் போங்கண்ணா” என்றாள் அன்பரசி. “இன்னொரு தபா மட்டும் விழாதீங்க.”

ஏற்றம் முழுக்க வண்டி ஒரு முறைகூட இருமவில்லை. ஊரின் கடைசி வீட்டு வாசலில் ஓர் அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். கோகிலவாணி செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

வேடியப்பன் வாசலுக்கும் வேலிக்குமாக நடந்தான். முன்பின் தெரியாத பெண்ணுக்காக, ஊரில் உள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டான்.

அரை மணி நேரம் கழித்து உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

“பொம்பளப் புள்ள!” கதவைத் திறந்து சிரித்தாள் கோகிலவாணி. “கொடி கழுத்துல சுத்தினு இருந்துச்சி. கொஞ்சம் லேட்டா வந்திருந்தாலும் கஷ்டம்ணா. இப்ப ரெண்டு பேரும் நல்லா கீறாங்க.”

வேடியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி ஜென்மத்துக்கும் கார்புரேட்டர் பேச்சை எடுப்பதில்லை என்று அன்பரசியிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. உடனே போன் போட்டான்.

மணி அந்த வீட்டுக்குள்ளேயே அடித்தது.

“வெளிய இருந்தே சொல்லுங்கண்ணா, கேக்குது” என்றது உள்ளிருந்து ஒரு களைத்த குரல். “எனக்குத்தான் பிரசவம்னு அப்பவே சொல்லியிருந்தா, உங்களுக்குக் கை நடுங்கியிருக்கும்.”