கீறல் இல்லாத நாய்கள்

சின்னொச்சு, வேட்டை முடிந்ததும் நாய்களைக் குளிப்பாட்டி, விரலால் தடவிக் காயம் தேடும் பழக்கமுடையவர். காட்டுப்பன்றி ஆளை நெருங்குமுன் நாய்கள் குறுக்கே பாயும். அதன் கோரைப்பல் முதலில் அவற்றைத்தான் கிழிக்கும்.

அன்று அவருடைய தம்பியைப் பன்றி கிழித்துக் கொன்றுவிட்டதாக, உடன் சென்ற மைத்துனன் வீரணன் அழுதான். அடக்கம் முடிந்ததும் சின்னொச்சு, அவர்களோடு வேட்டைக்குப் போயிருந்த தன் மூன்று நாய்களையும் கழுவினார். ஒன்றன்மீதும் கீறல் இல்லை.

“பயந்து ஓடிருச்சுக மச்சான். நாயா இதுக?” என்றான் வீரணன்.

அவை ஒருநாளும் ஓடியதில்லை. இப்போது அவனைக் கண்டு அவர் கால்களுக்கிடையே பதுங்கின.

“பதினாறு முடியவும் வாங்க. நம்ம ரெண்டு பேருமே போயி அந்தப் பன்னியக் குத்திப் போடுவோம்.”

சின்னொச்சு ஈட்டியைத் துடைத்து வைத்தார்.

“வர்றேன்டா. நீ முன்னால நட.”