வாசல் குழாய்

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரக் காற்று என் மூன்று மாத மகளின் தொப்பியைப் பிடுங்கிப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் எறிந்துவிட்டது. உள்ளே போய் அதை எடுத்துவந்து, இப்போது வாசல் குழாயைத் திருகிக்கொண்டு நிற்கிறேன். குழாய் இருமுகிறது; தண்ணீர் இல்லை. சாய்ந்த கற்களில் பாசி மூடிய வெள்ளைக்காரப் பெயர்கள்மேல் சாயங்கால வெயில் ஊர்கிறது. கீழே நெடுஞ்சாலை இரைகிறது. அதைப் போடுவதற்காகத் தோண்டி எடுத்த ஆயிரக்கணக்கானோரின் எலும்புகளை இங்கேதான் ஒரே நிலவறையில் அடுக்கியிருக்கிறார்கள். அந்த மண் என் விரலிடுக்கில் ஒட்டியிருக்கிறது. கையை நனைத்துத் தலையில் தெளித்துக்கொள்ளாமல் எங்கள் மாவோரி ஜனம் இங்கிருந்து போய்க் குழந்தையைத் தொடாது. வாசலுக்கு வெளியே, என் கணவன் டாமதியின் தோளில் மகள் பசித்து வீறிடுகிறாள். பால் கட்டி என் சட்டை நனைகிறது. தொப்பியை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருக்கிறேன்.

"ஹெனி, அப்படியே உங்கம்மா மாதிரி பண்றியே. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி செத்த வெள்ளைக்காரங்க. உன் பின்னாடியே வந்து டீ கேப்பாங்களா?"

"நீ சிரி. பிள்ளைக்கு ஏதாவது ஆனா அப்பத் தெரியும்."

"ஒண்ணும் ஆகாது. தொண்டை கட்டிப்போச்சு அவளுக்கு. வந்து வாங்கு."

அழுகை விக்கலாகிறது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாசலைத் தாண்டி இரண்டு கைகளையும் நீட்டுகிறேன்.

டாமதி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். சிரித்தபடியே, பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போகிறான்.