சரி என்று சொல்லும்வரை

"மெதுவா போங்க. முன்னாடி பஸ் நிக்குது."

அவள் முதலில் சொன்னது இதுதானா என்று எனக்கு உறுதியில்லை. நான் பின்சீட்டில் இருந்தேன். பாதி நேரம் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால், எது முன்னால் எது பின்னால் என்பது கலங்கிவிட்டது.

ஓட்டிக்கொண்டிருந்தவர் அவளுக்குக் கணவராக இருந்தவர். பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது என்பது பேச்சிலேயே தெரிந்தது. தனியாக அறை எடுத்துத் தங்கியது போதும், வீட்டுக்கு வந்துவிடு என்றார். இப்போதெல்லாம் தான் குரலை உயர்த்துவதே இல்லை என்றார், குரலை உயர்த்தி.

அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தெருக்கள் கடந்துபோயின.

"அப்பாகிட்டப் பேச மாட்டே, அண்ணன்கிட்டப் பேச மாட்டே, என்கிட்டயும் கிடையாது. உலகத்துல இருக்கிற ஆம்பளைங்க அத்தனை பேருமா கெட்டவங்க?"

"அத்தனை பேரை எனக்குத் தெரியாது," என்றாள். "தெரிஞ்சது மூணு பேரைத்தான்."

அவர் சிரித்தார். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தது யார், வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தது யார் என்று கேட்டார். நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டாள். தூக்கம் திரும்பி வர ஒரு வருடம் ஆனது என்று மட்டும், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் வேகத்தைக் கூட்டினார். அது பழைய வழக்கமாம். பின்னொரு நாள் அவளே சொன்னாள். சண்டை வந்தால் காரில் ஏற்றிக்கொண்டு, அவள் "சரி, சரி" என்று அழும்வரை விரட்டுவாராம். ஒரு நாள் கார் நின்ற பிறகும் அவளால் "சரி" சொல்வதை நிறுத்த முடியவில்லை. அங்கிருந்துதான் ஆஸ்பத்திரி.

"வர்றியா இல்லையா? இப்பச் சொல்லு."

மரங்கள் பின்னால் ஓடின. அவள் கைகள் மடியில் கிடந்தன.

"சொல்லுடி."

"வரலை."

அவர் முழுப் பலத்தோடு மிதித்தார். கார் குலுங்கி, நின்றுவிட்டது. அவர் குனிந்து பார்த்தார். அவர் கால் இன்னும் ஆக்ஸிலரேட்டரில்தான் இருந்தது.

"இறங்கிப் பின்னாடி உக்காருங்க," என்றாள், தன் பக்கம் இருந்த இன்னொரு பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல். "அடுத்த ஆள் ஓட்டணும்."

வேகத்தால் லைசென்ஸைப் பறிகொடுத்திருந்த அவர் மறுநாள் முதல் வேறு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். அவள் இன்னும் அதே காரில்தான் சொல்லிக்கொடுக்கிறாள். பின்சீட்டில் என் முறைக்காகக் காத்திருந்த நான் அவளிடமே ஓட்டக் கற்றுக்கொண்டேன்.