பொம்மையின் ‘டிக்’

அன்று பயிற்சி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மேஜையில் மல்லாந்து கிடந்த பயிற்சிப் பொம்மை, அலமாரியில் மூச்சுக் கொடுக்கப் பயன்படும் காற்றுப் பை, புதிதாகத் தேறிய நர்ஸ் எஸ்தர்ராணி, மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்த வேலாயுதம்.

எஸ்தர்ராணி பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தாள். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மை ‘டிக்’ என்று சொல்லும்.

“நாளைக்கு வார்டில் வேலை. இன்னும் உன்னை விடமாட்டேன் என்கிறாளே! உன் நெஞ்சே பள்ளமாகிவிடும்,” என்றது பை.

“பயந்திருக்கிறாள், பாவம். டிக் கேட்டால்தான் அவளுக்குத் தெம்பு,” என்றது பொம்மை.

அப்போது வேலாயுதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார்.

“அண்ணே! அண்ணே!” என்று எஸ்தர்ராணி அவரை உலுக்கினாள். மூச்சில்லை.

“யாராவது ஓடி வாங்க!” என்று கத்திவிட்டு அவர் நெஞ்சை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. ஒரு கணம் பொம்மையைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஐயோ, மனுஷனுக்கு டிக் கிடையாதே! நிறுத்திவிடுவாள்,” என்றது பை.

எஸ்தர்ராணி நிறுத்தவில்லை. “டிக்... டிக்...” என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு, ஒரே சீராக அழுத்தினாள்.

“அது என் சத்தம்,” என்றது பொம்மை, மெதுவாக.

வேலாயுதம் இருமினார். அவர் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது.

ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து அவரைத் தூக்கிப் போனார்கள். அவளும் கூடவே ஓடினாள்.

“என்னை எழுப்ப சுவிட்ச் உண்டு. அவருக்கு அது எங்கே இருந்தது?” என்றது பொம்மை.

“எங்கேயும் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்,” என்றது பை.

அறையில் மிச்சம் இருந்தவர்கள் இரண்டு பேர்.