முன்வரிசைக்கு ஒரு தூக்குவாளி

“கசக்காதப்பா. கசக்குனா இன்னும் எரியும்னு சொல்றேன்ல.”

“சரிக்கா.”

போராட்டக் கூட்டத்திலிருந்து கண்ணீர்ப்புகையில் வழி தெரியாமல் ஓடிவந்த நிலவனைக் கையைப் பிடித்து இழுத்து, கதவைச் சாத்தியவள் அந்த வீட்டுக்காரிதான். செம்பு செம்பாக அவன் முகத்தில் தண்ணீர் ஊற்றினாள். பார்வை தெளிந்ததும் எதிர்ச்சுவரில் காவலர் சீருடை ஒன்று இஸ்திரி மடிப்புக் கலையாமல் தொங்குவது தெரிந்தது. அவன் சட்டென்று எழுந்தான்.

“உக்காரு. எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு எதிர்லதான் நிக்கிறாரு, நேத்துலேர்ந்து வீட்டுக்கே விடல. உம்மேல புகைக்குண்டு போட்டது அவராக்கூட இருக்கும். வீட்டுல ஒரு கொசு அடிக்கத் தெரியாது அந்த மனுசனுக்கு.”

நிலவனுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே கோஷம் மறுபடி எழுந்தது. போலீசை நெருங்கியவர்களையெல்லாம் வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் நண்பர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

“கெளம்புறேன்க்கா. நீங்க செஞ்ச உதவிக்கு நான் பதிலுக்கு என்ன செய்யப்போறேன்னே தெரியல.”

அவள் உள்ளே போய், மூடியோரம் ஆவி கசியும் தூக்குவாளியோடு வந்தாள்.

“முன்வரிசையிலதான் இருப்பாரு. ஷீல்டுல எங்க பாப்பா ஒட்டுன பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் இருக்கும். இதை அவரு கையில குடுத்துடுறியா?”